சீஜெப்பில் விளையாடும் பிள்ளைகளின் படிப்பும் வைத்தியமும்



சென்ட் லோரன்டில் சென்ட் குறோவா வீதியில் வனியர் கல்லூரியும் சென்ட் லோரன்ட் சீஜெப்பும் அருகருகே இருப்பதை நாம் எல்லோரும் அறிவோம். இரண்டிலும் உதைபந்தாட்டம், கூடைப்பந்தாட்டம் போன்றவற்றுக்கு அணிகள் உண்டு. பிள்ளை அணியில் சேர்ந்துவிட்டால் "இனிப் படிப்பு போச்சு" என்று எம்மவர் பலர் கவலைப்படுகின்றனர். படிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் விளையாட்டு அல்ல. சில விதிகளை நாம் அறியாதிருப்பதே. அவற்றையே இங்கு தருகின்றேன்.

முதலாவது, முழுநேர மாணவர் என்ற நிலை. ஒரு பருவத்தில் குறைந்தது 4 பாடங்கள், அல்லது 180 மணிநேரக் கற்பித்தல் இருந்தால்தான் பிள்ளை முழுநேர மாணவர். கியூபெக் வாசிகளுக்குச் சீஜெப்பில் கற்பித்தற் கட்டணம் இல்லை என்பது முழுநேர மாணவருக்கே பொருந்தும். இறுதிப் பருவத்தில் உள்ளோர் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. ஏனையோர் மூன்று பாடங்களுக்கு இறங்கினால், மணிநேரத்திற்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். அதைவிடப் பெரியது வேறொன்று: 18 முதல் 25 வயது வரையான பிள்ளை பெற்றோரின் மருந்துக் காப்புறுதியில் தொடர்வதற்கும் முழுநேர மாணவராய் இருத்தல் வேண்டும். ஒரு பாடத்தை விடுவது ஒரு பாடத்தோடு நிற்காது. எனவே சுமை அதிகமென்றால் ஏழு பாடங்களை நான்காகவோ ஐந்தாகவோ குறைத்து, இரண்டு வருடப் படிப்பை மூன்று வருடங்களில் முடிக்கலாம். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. கல்லூரியின் பாட ஆலோசகர் இதற்கென்றே இருக்கின்றார். அவரைச் சந்திக்கக் கட்டணம் இல்லை.

மக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றபடியே அமெரிக்க உதைபந்தாட்டம் ஆடிய லோறன் டுவெர்னே தார்டிவ் என்பவரை 2014இல் கன்சாஸ் சிட்டி அணி தெரிவு செய்தது. அவர் படிப்பை விடவில்லை. ஆட்டம் இல்லாத மாதங்களில் வந்து பயில்வதற்குப் பீடம் இடங்கொடுத்தது. 2018இல் வைத்தியப் பட்டம் பெற்றார். 2020இல் அவரது அணி சுப்பர் போல் வென்றது. அதே ஆண்டு கொவிட் பரவியபோது ஆட்டத்தை ஒதுக்கிவிட்டு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பணியாற்றினார். பிள்ளை வைத்தியராக வேண்டும், ஆகையால் விளையாடக்கூடாது என்போர் இதனைக் கவனிக்கவும்.

இரண்டாவது, திகதிகள். செப்டெம்பர் 20, பெப்ரவரி 15 ஆகிய இரண்டையும் கலண்டரில் குறித்து வையுங்கள். அந்தத் திகதிக்கு முன் விட்ட பாடம் பெறுபேற்றில் வராது. பின்னர் விட்டால் 60 புள்ளிக்குக் குறைந்த தோல்வியாகப் பதியப்படும். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் ஆர் புள்ளியையும் அது இழுத்துவிடும். ஆனால் ஒக்டோபரில் முழங்கால் நார் அறுந்த பிள்ளை என்ன செய்வது? தன் கட்டுப்பாட்டை மீறிய கடுமையான காரணத்தால், பொதுவாக மூன்று வாரங்களுக்கு மேல் வகுப்புக்கு வர இயலாது போனால், வைத்தியச் சான்றிதழுடன் "பூர்த்தியாகாதது" என்று பதியும்படி விண்ணப்பிக்கலாம். அது தோல்வி அல்ல, ஆர் புள்ளியிலும் சேராது. ஆயினும் தானாக நடக்காது, விண்ணப்பிக்க வேண்டும். காயம் நேர்ந்த வாரத்திலேயே சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தலையில் படும் அடி. இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். 2013 மே மாதம் ஒட்டாவாவில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயது மாணவி ரக்பி ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தாள். சில நாட்களுக்கு முன்பே அவளுக்கு அடிபட்டிருந்தது; தலையிடி இருந்தும் பெற்றோருக்குச் சொல்லாமல் மீண்டும் ஆடினாள். முதல் அதிர்ச்சி ஆறுமுன் வந்த அடுத்த அதிர்ச்சியில் மூளை வீங்கியது. அவள் பெயரால் ஒன்ராறியோ 2018இல் சட்டம் இயற்றியது. எமது வீடுகளில் பிள்ளை மறைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: சொன்னால் விளையாட்டை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். தலையிடி, சத்தி, மயக்கம், வெளிச்சம் கூசுதல், பேச்சில் தடுமாற்றம் கண்டால் அன்று ஆட்டம் இல்லை. வைத்தியர் பார்க்க வேண்டும். முதல் 24 முதல் 48 மணிநேரம் ஓய்வு, திரை பார்ப்பதும் குறைவு. பின்னர் படிப்படியாகப் படிப்புக்கும் பயிற்சிக்கும் திரும்பலாம். வகுப்புக்கு முழுமையாகத் திரும்பிய பின்னரே மோதலுள்ள ஆட்டம். அந்த நாட்களில் பரீட்சை வந்தால் ஒத்திவைக்கும்படி ஆசிரியரைக் கேட்பது பிள்ளையின் உரிமை, சலுகை அல்ல.

கந்தசஷ்டி பெரும்பாலும் உதைபந்தாட்டப் பருவத்தின் இறுதியில் வரும். விரதம் இருக்கும் பிள்ளை அதை அணியின் சிகிச்சையாளருக்குச் சொல்லிவிட வேண்டும். நீர் அருந்தாமல் ஓடுவதை முருகன் கேட்கவில்லை.

செலவைப் பற்றி. வைத்தியரையும் வைத்தியசாலையையும் அரச அட்டை பார்த்துக்கொள்ளும். தனியார் பிசியோதெரபியை அது பார்க்காது. பிள்ளையை அம்புலன்சில் ஏற்றினாலும் பில் வீட்டுக்கு வரும். முதலில் உங்கள் வேலைத்தலக் காப்புறுதியையும் கல்லூரி மாணவர் காப்புறுதியையும் பாருங்கள். கொன்கோர்டியாவில் மாணவர்கள் மேற்பார்வையின் கீழ் சிகிச்சை பழகும் விளையாட்டுச் சிகிச்சை நிலையம் உண்டு; மக்கிலில் விளையாட்டு மருத்துவ நிலையம் உண்டு. பற்றுச்சீட்டுகளை ஒரு கடித உறையில் போட்டு வையுங்கள். காப்புறுதி திருப்பித் தராத பகுதியை மத்திய, மாகாண வரிப் படிவங்கள் இரண்டிலும் மருத்துவச் செலவாகக் காட்ட முடியுமா என்று பார்க்கலாம். பெயர், திகதி, சிகிச்சையாளரின் அனுமதி இலக்கம் மூன்றும் சீட்டில் இருக்கின்றனவா என்று அங்கேயே வாசித்துவிட்டு வாங்குங்கள்.