பெயின்ட்டை நம்பாதீங்க, கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்க!



"இன்ஜினியரிங்தானே படிக்கிற, வந்து இந்த டிராக்டரைப் பாத்துச் சொல்லு" என்று ஊரில் யாராவது கூப்பிட்டால் என்ன செய்வீங்க? போன வருஷம் என் சித்தப்பா கூப்பிட்டார். சித்தியின் நகையை அடகு வைத்து எடுத்த பணம். எனக்கு டீசல் சைக்கிளின் பி-வி வரைபடம் போடத் தெரியும். இன்ஜினில் எங்கே கை வைப்பது என்று தெரியாது. பளபளன்னு இருந்த பெயின்ட்டைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு சித்தப்பா" என்று சொல்லிவிட்டேன். மூணே மாசத்தில் இன்ஜினைப் பிரிக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை.

1. முதலில் தொட்டுப் பாருங்க

போனதும் இன்ஜினைக் கையால் தொடுங்க. ஆறியிருக்க வேண்டும். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன்னே ஓட்டி வைத்திருக்கிறார்கள். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது வரும் சூட்டில்தான் டீசல் பற்றும். ரிங், லைனர் தேய்ந்து கம்ப்ரஷன் குறைந்த இன்ஜின், ஆறிய நிலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். சூடாக்கி வைத்தால் அந்தக் குறை மறைந்துவிடும்.

2. புகையைப் படியுங்க

ஸ்டார்ட் ஆனவுடன் கொஞ்சம் புகை வருவது சகஜம். சூடான பிறகும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. லோடில் கரும்புகை கொட்டினால் காற்று போதவில்லை, அல்லது இன்ஜெக்டர் சரியில்லை. பிரீதர் குழாயையும் பாருங்க. அங்கே 'பக் பக்'னு புகை தள்ளினால், எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிகிறது.

3. ஆயில், ஏர் கிளீனர்

டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம். டீசல் இன்ஜினில் அது சீக்கிரமே கறுத்துவிடும். பால் காபி நிறத்தில் இருந்தால்தான் ஆபத்து, தண்ணீர் கலந்திருக்கிறது.

பல பழைய டிராக்டர்களில் ஏர் கிளீனர் ஆயில் பாத் வகை. இன்ஜினை நிறுத்திவிட்டு அதன் அடிக் கிண்ணத்தைக் கழற்றச் சொல்லுங்க. பெயின்ட் அடிக்கிறவங்க இதைக் கவனிப்பது அபூர்வம். உள்ளே புழுதி அடை மாதிரி படிந்திருந்தால் பராமரிப்பு எப்படி என்று புரிந்துவிடும். அந்தப் புழுதி உள்ளே போனால் உப்புத்தாள் போல லைனரைத் தேய்க்கும்.

4. மீட்டரும் மிதியும்

கேபிளில் ஓடும் பழைய ஹவர் மீட்டர், இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் மெதுவாகத்தான் ஏறும். கேபிள் அறுந்தால் நின்றே போகும். அதனால் கிளட்ச் மிதி, ஸ்டீயரிங் பிடி, பிடிஓ ஷாஃப்ட் பற்கள் எல்லாவற்றின் தேய்மானத்தையும் சேர்த்துப் பாருங்க. மீட்டர் குறைவாகக் காட்டி, மிதி வழவழன்னு தேய்ந்திருந்தால் மிதியை நம்புங்க.

5. சேற்றில் உழுத வண்டியா?

நெல் வயலில் கேஜ் வீல் போட்டு ஓடிய வண்டி என்றால் பின் ஆக்சில் சீல், பிரேக், கியர் ஆயில் மூன்றையும் பாருங்க. சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். அடுத்து, கலப்பையைத் தூக்கிவிட்டு இன்ஜினை நிறுத்துங்க. மளமளவென்று கீழே இறங்கினால் ஹைட்ராலிக்கில் கசிவு. தூக்கிய கலப்பைக்கு அடியில் மட்டும் யாரும் நிற்காதீங்க.

கடைசியாக, ஆர்சி புத்தகத்தில் கடன் பதிவு ரத்தாகியிருக்கிறதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

எங்கள் வண்டியைப் பிரித்தபோது லைனர் தேய்ந்திருந்தது. ஏர் கிளீனர் கிண்ணத்தில் கெட்டிச் சேறு. அன்றைக்கு அதைக் கழற்றிப் பார்க்க அஞ்சு நிமிஷம் போதும். சித்தப்பா என்னைத் திட்டவே இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. உங்களை யாராவது கூப்பிட்டால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லி ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போங்க. அதுவும் இன்ஜினியரிங்தான்!