மதர்போர்டு மாத்தியாச்சு, சத்தம் எங்கே போச்சு?



கணிப்பொறியில் மதர்போர்டை (தாய்ப்பலகையை) மாற்றிய பிறகு பலரும் சொல்வது இதுதான்: "எல்லாம் நல்லா ஓடுது, சத்தம் மட்டும் வரலை." விசாரித்தால், "சவுண்டு போச்சு, தனியா கார்டு வாங்கிப் போடு" என்று சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்தச் செலவு தேவையே இல்லை. எதை முதலில், எதை அடுத்துப் பார்க்க வேண்டும் என்பதை இந்தப் பாடத்தில் எழுதுகிறேன்.

சத்தம் இல்லாவிட்டால் என்ன, பாட்டுதானே கேட்க முடியாது என்று நினைக்காதீர்கள். நம் கணிப்பொறி அறையில் ஜன்னலோரக் கணிப்பொறியைப் பயன்படுத்துபவர் பார்வையற்ற தம்பி ஒருவர். என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருள் திரையில் உள்ளதை அவருக்குப் படித்துக் காட்டுகிறது. 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கிய மென்பொருள் அது, தமிழும் படிக்கும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு அந்தக் கணிப்பொறி ஓடவில்லை. பழைய போர்டு ஒன்று கிடைத்து மாற்றினார்கள். திரை வந்தது, சத்தம் வரவில்லை. நமக்கு அது சின்னக் குறை. அவருக்கோ திரையே இல்லாத மாதிரி.

சத்தம் எப்படி வருகிறது?

பாட்டும் பேச்சும் கணிப்பொறிக்குள் வெறும் எண்கள்தான். சி.டி. தரத்தில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு நொடிக்கு 44,100 எண்கள். அவற்றை மின்னழுத்தமாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்புவது கோடெக் என்ற சின்னச் சில்லு. அது மதர்போர்டிலேயே இருக்கிறது. ஆகவே போர்டை மாற்றினால் கோடெக்கும் மாறிவிடும். ஆனால் ஹார்டு டிஸ்க்கில் உள்ள விண்டோஸ் பழையதுதான். புது மாணவர்கள் வந்த வகுப்பில் பழைய வருகைப் பதிவேட்டை வைத்துப் பெயர் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? அதே குழப்பம்தான் இங்கேயும்.

சோதிக்கும் வரிசை

1. வெளியே பாருங்கள். ஸ்பீக்கரை ஒரு செல்போனில் சொருகிப் பாருங்கள். அதில் பாடினால் ஸ்பீக்கர் நல்லது. கணிப்பொறியின் பின்புறம் பச்சை நிறத் துளைதான் ஸ்பீக்கருக்கு. இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்க. பின்பக்கத் தகட்டின் மெல்லிய நாக்கு மடங்கித் துளைக்குள் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். போர்டு மாற்றும்போது இது அடிக்கடி நடக்கும்.

2. சத்தம் வேறு பக்கம் போகிறதா? மானிட்டரை எச்.டி.எம்.ஐ. கேபிளில் இணைத்தால் விண்டோஸ் சில சமயம் சத்தத்தையும் மானிட்டருக்கே அனுப்பிவிடும். மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லையென்றால் ஒன்றும் கேட்காது. ஸ்பீக்கர் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, சவுண்ட் செட்டிங்ஸில் 'அவுட்புட்' என்ற இடத்தில் 'ஸ்பீக்கர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

3. டிரைவர் இருக்கிறதா? டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மஞ்சள் முக்கோணம் தெரிந்தால், அந்தச் சில்லோடு பேச விண்டோஸுக்குத் தெரியவில்லை என்று பொருள். ரன் பெட்டியில் எம்.எஸ்.இன்ஃபோ32 என்று அடித்தால் 'பேஸ்போர்டு ப்ராடக்ட்' என்ற வரியில் போர்டின் மாடல் தெரியும். அந்த மாடலுக்கு உரிய டிரைவரைப் போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுங்கள். முதலில் சிப்செட் டிரைவர், பிறகு ஆடியோ டிரைவர். இன்டர்நெட்டும் வரவில்லையென்றால் வேறு கணிப்பொறியிலிருந்து பென் டிரைவில் கொண்டு வரலாம்.

4. பயாஸில் அணைந்திருக்கிறதா? மூன்றாவது படியில் ஆடியோ என்ற பெயரே தென்படாவிட்டால் இங்கே வாருங்கள். ஆன் செய்தவுடன் டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டினால் பயாஸ் திறக்கும். ஆன்போர்டு ஆடியோ 'டிசேபிள்டு' என்று இருந்தால் 'எனேபிள்டு' ஆக்கிச் சேமியுங்கள். பழைய போர்டு வாங்கினால் இது முக்கியம். முன்பு தனி சவுண்டு கார்டு போட்டிருந்தவர் அணைத்து வைத்திருக்கலாம்.

5. முன்பக்கம் மட்டும் வரவில்லையா? கேபினட்டின் முன்பக்க ஒயர் போர்டில் ஒன்பது ஊசிகள் உள்ள இடத்தில் சொருகப்படும். ஒயரின் முனையில் சில கேபினட்டுகளில் இரண்டு பிளக்குகள் இருக்கும்: ஏ.சி.97, எச்.டி. ஆடியோ. முதலாவது இன்டெல் 1997-ல் கொண்டுவந்த முறைக்கு, இரண்டாவது 2004-ல் வந்த முறைக்கு. 2004-க்குப் பிந்தைய முறை உள்ள போர்டில் எச்.டி. ஆடியோ பிளக்கைத்தான் போட வேண்டும். மாற்றிப் போட்டால் ஹெட்போன் சொருகியதே போர்டுக்குத் தெரியாது. (பெட்டியைத் திறக்கும் முன் மின் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். சார் அனுமதி இல்லாமல் திறக்காதீர்கள். உள்ளே கை வைக்கும் முன் கேபினட்டின் இரும்பைத் தொட்டால் உடம்பில் உள்ள நிலைமின்சாரம் போய்விடும்.)

6. கடைசித் தீர்ப்பு. பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதில் சத்தம் வந்தால் போர்டு நல்லது, குறை விண்டோஸில்தான். அதிலும் வராமல், மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தால்தான் கோடெக்கைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் யு.எஸ்.பி.யில் சொருகும் சின்ன சவுண்டு அடாப்டர் போதும்.

நம் கணிப்பொறியில் என்ன நடந்தது?

இரண்டு குறைகள் சேர்ந்து இருந்தன. அதனால்தான் குழப்பம். சத்தம் மானிட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது படியில் சரியாகி, பின்பக்க ஸ்பீக்கர் பேசியது. ஆனால் தம்பி ஹெட்போனை முன்பக்கம்தான் சொருகுவார், அதில் இன்னும் மௌனம். சார் பக்கத்தில் நிற்க, நானும் என் தோழியும் பெட்டியைத் திறந்து பார்த்தோம். ஏ.சி.97 பிளக் சொருகியிருந்தது. மாற்றிப் போட்டதும் என்.வி.டி.ஏ. பேச ஆரம்பித்தது. தம்பி ஹெட்போனைக் கழற்றாமலே, "அக்கா, கொஞ்சம் மெதுவா படிக்கச் சொல்லுங்க, ரொம்ப வேகமா ஓடுது" என்றார். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

இன்னொன்றும் செய்தோம். யு.எஸ்.பி. ஹெட்செட்டுக்குள் தனிக் கோடெக் இருப்பதால், மதர்போர்டின் ஆடியோ டிரைவர் இல்லாவிட்டாலும் அது பெரும்பாலும் சொருகியவுடன் பேசும். அப்படி ஒன்றை அந்த மேசையிலேயே வைக்கும்படி சாரிடம் கேட்டோம், வைத்துவிட்டார். இனி போர்டோ விண்டோஸோ மாறினாலும் தம்பி யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

உங்களுக்குத் தெரியுமா?

பல போர்டுகளின் கோடெக் சில்லில் சின்ன நண்டுப் படம் இருக்கும். அது 1987-ல் தைவானில் தொடங்கிய ரியல்டெக் நிறுவனத்தின் அடையாளம். டிவைஸ் மேனேஜரின் ஹார்டுவேர் ஐ.டி.யில் 10இசி என்று வந்தாலும் ரியல்டெக்தான்.

யோசித்துப் பாருங்கள்

அ) ஸ்பீக்கர் செல்போனில் பாடுகிறது, டிவைஸ் மேனேஜரில் ஆடியோ பெயரே இல்லை. அடுத்து எங்கே பார்ப்பீர்கள்?

ஆ) லினக்ஸில் சத்தம் வருகிறது, விண்டோஸில் வரவில்லை. புது சவுண்டு கார்டு வாங்கலாமா?

விடைகளை எழுதிக் கணிப்பொறி அறைப் பெட்டியில் போடுங்கள். சரியான விடை அடுத்த இதழில் வரும்.


— பதினோராம் வகுப்பு மாணவி