சொல்லுக்குப் பின்னால் ஒரு படம்

கேள்வி: ஏழாம் வகுப்பு மாணவர்கள் ஆங்கில இடியம்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறார்கள், தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. பட்டியலை மூடிவைத்துவிட்டு, ஒரு தொடர் எந்தத் தொழிலில் பிறந்தது என்று முதலில் சொல்லுங்கள். ‘ஷோ ஹிம் த ரோப்ஸ்’ என்றால் புதியவருக்கு வேலையைப் பழக்குவது. பாய்மரக் கப்பலில் எந்தக் கயிறு எந்தப் பாயை இழுக்கும் என்று அறியாதவர் மாலுமியாக முடியாது. அந்தப் படம் மனத்தில் விழுந்தால் பொருளும் கூடவே தங்கும். ‘வின் ஹேண்ட்ஸ் டவுன்’ (எளிதாக வெல்வது) குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது: வெகுதூரம் முந்திவிட்ட ஜாக்கி கடிவாளத்தைத் தளர்த்திக் கைகளைத் தாழ்த்திவிடுவார். மூலம் அறிந்து கற்றவர்களுக்குத் தொடர்கள் நன்றாக நினைவில் நிற்பதை ஃபிராங்க் பூர்ஸ் என்ற மொழியியலாளரின் ஆய்வுகளும் காட்டின. அவை கல்லூரி மாணவர்களிடம் நடந்தவைதான். ஆனால் படமாகப் பதிவது பன்னிரண்டு வயதுக்கும் எளிதே.

எல்லாத் தொடருக்கும் மூலம் தெரியாதே என்பது நியாயமான மறுப்பு. ‘கிக் த பக்கெட்’ (இறந்துபோவது) என்பதன் பிறப்பில் இன்றும் ஒருமித்த கருத்தில்லை. அங்கே கதை புனையாதீர்கள். அது பொய்யைக் கற்பிப்பதாகும். தொடர் வரும் பத்தியைக் கொடுத்துப் பொருளை ஊகிக்கவிடுங்கள். தமிழில் விளக்கினால் ஆங்கிலம் வளராது என்ற இன்னொரு மறுப்பை நான் ஏற்கவில்லை. ‘கம்பி நீட்டினான்’ என்றால் அங்கே கம்பியே இல்லை என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். சொற்பொருள் வேறு, தொடர்ப்பொருள் வேறு என்ற அறிவைத் தாய்மொழி ஏற்கெனவே தந்திருக்கிறது. நாளைய வகுப்பை அந்தக் கம்பியிலிருந்தே தொடங்குங்கள்.