லைசென்ஸ் வாங்கியாச்சு, வண்டியை நிறுத்தத்தான் பயமா?



குழுக் கடனில் குட்டியானை வண்டி, வேன், கார் எடுத்துத் தொழில் செய்யும் உறுப்பினர்கள் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். பயிற்சிப் பள்ளிக்குப் போய்ப் பழகி, ஆர்.டி.ஓ. ஆபீசில் 'எச்' போட்டு, லைசென்சும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் போகும்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இதுதான்: "ரோட்டுல நல்லா ஓட்டிருவேன் மேடம். சந்தைக்குள்ள கொண்டுபோய் நிறுத்தணும்னா கை நடுங்குது."

இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் இதற்குள் பெரிய விஷயம் இருக்கிறது. அதனால்தான் இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக்கொண்டோம்.

சாவி எப்படிக் கைமாறுகிறது?

முதல் நாள், "நிறுத்துறதுக்கு மட்டும் நீங்க வாங்க" என்று வீட்டுக்காரரையோ தம்பியையோ கூப்பிடுகிறோம். அடுத்த வாரம், "எப்படியும் நீங்க வரத்தானே போறீங்க, நீங்களே ஓட்டிருங்க" என்கிறோம். மூணாவது மாதம் சாவி அவர் சட்டைப் பையில் இருக்கும். வண்டி எங்கே போகுது, என்ன வாடகை வந்தது என்ற கணக்கும் அவரோடு போய்விடும். தவணை மட்டும் நம் பெயரில் நிற்கும்.

சரி, கூலிக்கு டிரைவர் போடலாம் என்றால் அதற்கும் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு 700 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20 நாளுக்கு 14,000 ரூபாய். வண்டி தரும் லாபத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். ஓட்டத் தெரிந்தும், நிறுத்துகிற அந்த ஐந்து நிமிடத்துக்குப் பயந்து இவ்வளவையும் விட்டுக்கொடுக்கலாமா?

பயம் ஏன் வருகிறது?

பயிற்சிப் பள்ளிகளில் 'எச்' போடுவதற்கு அடையாளம் சொல்லிக்கொடுப்பது வழக்கம். "இந்தக் கம்பு கண்ணாடியில தெரியும்போது ஸ்டியரிங்கை ஒடி" என்பார்கள். அந்த மைதானத்தில், அந்தக் கம்புக்கு அது சரி. சந்தையில் கம்பு ஏது? அங்கே தக்காளிக் கூடை இருக்கும், ஸ்கூட்டர் இருக்கும், நடுவில் ஒரு நாய் படுத்திருக்கும். ஆக, நமக்குத் தைரியம் இல்லை என்பது உண்மையல்ல. நம் வண்டியின் அளவும், அது திரும்பும் விதமும் இன்னும் நமக்குப் பழகவில்லை. அவ்வளவுதான். பழகாததைப் பழகிக்கொள்ளலாம்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி 1993-இல் அரசுப் பேருந்து ஓட்டுநராக வேலைக்குச் சேர்ந்தார். பேருந்தையே டெப்போவுக்குள் ரிவர்ஸ் போட்டு நிறுத்த ஒரு பெண்ணால் முடியும் என்றால், பன்னிரண்டரை அடி வண்டி நமக்கு எம்மாத்திரம்?

முதல் படி: வண்டியை அளந்து பாருங்கள்

ஒரு கயிறு எடுத்துக்கொண்டு வண்டியின் நீள அகலத்தை அளந்து, நோட்டில் எழுதுங்கள். டாடா ஏஸ் போன்ற குட்டியானை வண்டி சுமார் 3.8 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம் இருக்கும். அதாவது பன்னிரண்டரை அடிக்கு ஐந்து அடி. கண்ணாடிகள் நீட்டிக்கொண்டிருப்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். வண்டிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் குடத்தை வைத்து, இன்னொரு உறுப்பினர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வண்டிப் பக்கம் நகர்த்தட்டும். குடம் கண்ணில் மறைகிற இடத்தில் நிறுத்தச் சொல்லி, இறங்கி அந்தத் தூரத்தை அடி வைத்து அளங்கள். பின்னாலும் இதே போல. லோடு ஏற்றிவிட்டால் பின் கண்ணாடி வழியே ஒன்றும் தெரியாது. இரண்டு பக்கக் கண்ணாடிகள்தான் நமக்குக் கண். நேர் பின்னால் இருப்பது அதிலும் தெரியாது.

இதை மறக்கவே கூடாது. நம் ஊரில் வண்டிக்குப் பின்னால் குழந்தை விளையாடும், ஆடு படுத்திருக்கும். ரிவர்ஸ் எடுக்கும் முன் இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். எத்தனை வருசம் ஓட்டினாலும் இந்த வழக்கத்தை விடக் கூடாது. 2019 ஜூலை 1 முதல் புதிதாகத் தயாராகும் கார்களில் பின்பக்கம் சத்தம் கொடுக்கும் சென்சார் கட்டாயம் ஆக்கப்பட்டது. பழைய கார்களிலும் பல சரக்கு வண்டிகளிலும் அது இருக்காது. இருந்தாலும் சுற்றிப் பார்ப்பதற்கு அது ஈடாகாது.

இரண்டாம் படி: மெதுவாக நகர்த்தப் பழகுங்கள்

பள்ளிக்கூட மைதானமோ களத்து மேடோ, காலியாக இருக்கும் நேரத்தில் அனுமதி கேட்டுப் போங்கள். முதல் இரண்டு நாள் நிறுத்தவே வேண்டாம். ஆக்சிலேட்டரை மிதிக்காமல், கிளட்சை பாதி விட்டு, பிரேக்கில் கால் வைத்து நத்தை மாதிரி நகர்த்துங்கள். முன்னே 50 அடி, பின்னே 50 அடி. கோலமாவில் ஒரு நேர்க்கோடு போட்டு, அதை ஒட்டியே பின்னால் வாருங்கள்.

வேகம் குறைந்தால் யோசிக்க நேரம் கிடைக்கும். தப்பாகப் போகிறது என்று தெரிந்ததும் நிறுத்திவிடலாம். பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னது வண்டிக்கும் பொருந்தும்.

மூன்றாம் படி: கோலமாவுப் பெட்டி

இப்போது 9 அடி அகலம், 16 அடி நீளத்தில் ஒரு பெட்டி வரையுங்கள். நான்கு மூலையிலும் காலிக் குடம் வையுங்கள். குடத்தில் இடித்தால் வண்டிக்கும் சேதமில்லை, யாருக்கும் கோபமும் வராது.

பெட்டி உங்களுக்கு இடது பக்கம் இருக்கட்டும். அதன் வாசலிலிருந்து 3 முதல் 4 அடி தள்ளி, நேராக முன்னே போங்கள். வண்டியின் பின்பக்கம் பெட்டியைத் தாண்டி சுமார் 3 அடி போனதும் நிறுத்துங்கள். ஸ்டியரிங்கை முழுக்க இடது பக்கம் ஒடித்து, மெதுவாகப் பின்னே வாருங்கள். இடது கண்ணாடியில் பார்த்தால் பின்சக்கரம் குடத்தைத் தாண்டி உள்ளே நுழைவது தெரியும். வண்டி பெட்டிக் கோட்டுக்கு நேராக வந்ததும் ஸ்டியரிங்கை நேராக்கி, உள்ளே விடுங்கள்.

இதில் ஒரு விஷயம் முக்கியம். பின்பக்கம் இடது பக்கம் போகும்போது, வண்டியின் மூக்கு வலது பக்கம் வீசும். திரும்புவது முன்சக்கரம் என்பதால் இப்படி ஆகிறது. பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தால், முன்னால் நிற்கும் பைக்கில் போய் இடிக்க வாய்ப்பு உண்டு. பின்னே இரண்டு பார்வை, முன்னே ஒரு பார்வை என்று மாற்றி மாற்றிப் பாருங்கள்.

நாங்கள் சொன்ன 3 அடி ஒரு தொடக்கக் கணக்குதான். உங்கள் வண்டிக்கு 2 அடியாக இருக்கலாம், 4 அடியாகவும் இருக்கலாம். பத்து முறை போட்டுப் பார்த்து உங்கள் கணக்கை நோட்டில் எழுதுங்கள். பத்தில் எட்டு முறை சரியாக வந்தால் பெட்டியின் அகலத்தை அரை அடி குறையுங்கள். 7 அடிப் பெட்டியில் நிறுத்த வந்துவிட்டால் நீங்கள் சந்தைக்குத் தயார். அதன்பிறகு பாதி லோடு ஏற்றி ஒருமுறை பழகுங்கள். பாரம் இருந்தால் பிரேக் பிடிப்பதும் நகர்வதும் வேறு மாதிரி இருக்கும்.

நான்காம் படி: சந்தைக்குப் போகும் நாள்

எடுத்தவுடன் கூட்டம் மிகுந்த நாளில் போகாதீர்கள். வாரச்சந்தை இல்லாத நாளில் காலி வண்டியோடு போய் இடத்தைப் பாருங்கள். எந்த வழியாக நுழைவது, எங்கே நிறுத்துவது, எப்படி வெளியே வருவது என்று பார்த்து வையுங்கள். சந்தை நாளில் அரைமணி நேரம் முன்னதாகப் போங்கள். கடைக்குப் பக்கத்து இடமே வேண்டும் என்றில்லை. கொஞ்சம் தள்ளி, தாராளமான இடத்தில் நிறுத்தினால் போதும். பின்பக்கமாக உள்ளே போட்டு நிறுத்தினால், கிளம்பும்போது கூட்டத்துக்குள் ரிவர்ஸ் எடுக்கும் கஷ்டம் இல்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே நேராக வெளியே வரலாம்.

பெண் ஓட்டி வந்தால் நாலு பேர் கூடி நாலு பக்கமும் கை காட்டுவார்கள். "ஒடிங்க ஒடிங்க", "வா வா வா", "போதும் போதும்" எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கும். நம் பதற்றத்துக்குப் பாதிக் காரணம் இதுதான். பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டு, ஒருவரை மட்டும் பார்த்து, "அண்ணே, நீங்க ஒருத்தர் மட்டும் பாருங்க, கண்ணாடியில எனக்குத் தெரியிற மாதிரி ஓரமா நில்லுங்க" என்று சொல்லுங்கள். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்துவிட்டால் உடனே வண்டியை நிறுத்த வேண்டும். நேர் பின்னால் யாரையும் நிற்க விடக் கூடாது.

ஒரே தடவையில் உள்ளே போகாவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்னே எடுத்து, நேராக்கி, மறுபடி பின்னே போடலாம். அனுபவம் உள்ள டிரைவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். ஹாரனுக்குப் பயந்து அவசரப்படுவதில்தான் இடி விழுகிறது.

நிறுத்திய பிறகு

ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, எஞ்சினை அணைத்து, கியரில் போட்டு, சாவியை எடுங்கள். மேட்டைப் பார்த்து நின்றால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர். சரிவில் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை ஓரமாக எடுத்துப் போடுங்கள். ரோட்டில் விட்டால் இரவில் பைக்கில் வருபவர் விழுவார்.

சட்டமும் இதைச் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 126-ஆவது பிரிவின்படி, பொது இடத்தில் டிரைவர் இல்லாமல் வண்டியை விடுவதென்றால் எஞ்சினை அணைத்து, பிரேக் போட்டு, அது தானாக நகராதபடி செய்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ ஏற்படும்படி வண்டியை விடக் கூடாது என்கிறது 122-ஆவது பிரிவு. ஆகவே வளைவு, பாலம், பஸ் நிறுத்தம், ஆஸ்பத்திரி வாசல், ஆட்கள் ரோட்டைக் கடக்கும் இடம் ஆகியவற்றில் நிறுத்த வேண்டாம்.

தனி பேட்ஜ் வேண்டுமா என்று பல உறுப்பினர்கள் கேட்கிறார்கள். இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவர்கள், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. குட்டியானை இதற்குள் அடங்கும்.

உரசிவிட்டால் என்ன செய்வது?

பழகும் காலத்தில் ஒரு உரசல் நேரலாம். ஓடிவிடக் கூடாது. இறங்கி, யாருக்காவது அடிபட்டதா என்று முதலில் பாருங்கள். அடிபட்டிருந்தால் உடனே சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யுங்கள். 108-க்குப் போன் செய்யலாம். போலீசுக்கும் தெரிவிக்க வேண்டும். வண்டியில் மட்டும் உரசல் என்றால் உரிமையாளரைத் தேடிச் சொல்லுங்கள். போனில் படம் எடுத்து வையுங்கள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியை ரோட்டில் எடுக்கவே கூடாது. புதுப்பிக்கும் தேதியைத் தீர்மான நோட்டில் எழுதி வைப்பது நல்லது.

ஒரு உரசலுக்காக, "இனிமே நான் ஓட்டல" என்று சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். முதல் மாதம் சேமிப்புக் கணக்கு எழுதும்போதும் கூட்டல் தப்பியது. அதற்காக நோட்டை யாரிடமும் கொடுத்துவிடவில்லையே! உட்கார்ந்து திருத்தி எழுதினோம். இன்றைக்கு நம் கணக்கை நாமே எழுதுகிறோம்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் குழுவில் லைசென்ஸ் இருந்தும் வண்டி எடுக்காத உறுப்பினர்கள் எத்தனை பேர்? என்ன காரணம்?

2. வாரத்தில் எந்த நாள், எந்த மைதானத்தில் சேர்ந்து பழகலாம்? அனுமதி வாங்குவது யார்? பழகும் நேரத்தில் குழந்தைகளைத் தள்ளி நிறுத்திப் பார்த்துக்கொள்வது யார்?

3. நம் வண்டியின் நீளம், அகலம், கண்ணுக்கு மறைகிற தூரம் எவ்வளவு?

4. வண்டிச் சாவியும் வாடகைக் கணக்கும் இப்போது யார் கையில் இருக்கின்றன?

நான்காவது கேள்விக்கு வரும் பதிலைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேட்டு, இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்த முறை நாங்கள் கூட்டத்துக்கு வரும்போது அதைப் பற்றிப் பேசுவோம்.