ஒட்டுக்கேட்கும் கைப்பேசி என்னும் கட்டுக்கதை

"நேத்து ராத்திரி வீட்டுல தையல் மெஷின் வாங்கலாமான்னு பேசிக்கிட்டிருந்தோம் அண்ணே. காலையில ஃபேஸ்புக்கைத் திறந்தா தையல் மெஷின் விளம்பரம்! இந்த ஃபோன் நாம பேசுறத ஒட்டுக்கேக்குது."

மலேசியாவின் தாப்பாவில் கைப்பேசி பழுதுபார்க்கும் என் கடையில் அலுக்க அலுக்க நான் கேட்கும் கதை இது. பொருள் மட்டும் மாறும். ஒருவருக்குத் தையல் இயந்திரம், இன்னொருவருக்கு முட்டிவலித் தைலம், மற்றொருவருக்குக் கேமரன் மலையில் தங்கும் விடுதி. மைக் துளையின் மேல் செலோடேப் ஒட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அதே கைப்பேசியின் அமைப்புகளைத் திறந்தால் டார்ச் லைட் செயலிக்குக்கூட இருப்பிடம், தொடர்பு எண்கள், படங்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்து வைத்திருப்பார்கள். துளையை அடைத்துவிட்டு வாசற்கதவைத் திறந்து போடுவதற்குப் பெயர் பாதுகாப்பா?

ஆதாரத்தைப் பார்ப்போம். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ரகசியமாக மைக்கை இயக்கி ஒலியை வெளியே அனுப்பிய செயலி ஒன்றுகூட அவர்களிடம் சிக்கவில்லை. சிக்கியது வேறு: பயனர் திரையில் செய்வதையெல்லாம் படமாகப் பதிந்து மூன்றாம் தரப்பு நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பிய செயலி. அதைப் பற்றி யாரும் என் கடையில் வாயைத் திறந்ததில்லை.

கணக்குப் போட்டும் பார்க்கலாம். பேச்சை நொடிக்கு 16 கிலோபிட் என்று சிக்கனமாகச் சுருக்கி அனுப்பினாலும் நாளொன்றுக்கு 170 எம்பி, மாதத்துக்கு 5 ஜிபி ஆகிவிடும். டாப்-அப் போட்டு எண்ணி எண்ணி டேட்டா செலவழிக்கும் நமக்கு அது தெரியாமலா போகும்? எந்தச் செயலி எவ்வளவு டேட்டா தின்றது என்பதைக் கைப்பேசியே காட்டுகிறது, திறந்து பாருங்கள். மைக் இயங்கினால் ஐஃபோனில் 2020 முதல் ஆரஞ்சுப் புள்ளியும், 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல் பச்சை அடையாளமும் திரையின் மேல்மூலையில் தெரியும்.

இதைவிடப் பெரிய சான்று பணத்தில் இருக்கிறது. 2021 ஏப்ரலில் ஆப்பிள், "இந்தச் செயலி உங்களைப் பின்தொடரலாமா?" என்று பயனரைக் கேட்கத் தொடங்கியது. பலர் மறுத்தார்கள்; அவர்களைக் காட்டிக்கொடுக்கும் விளம்பர அடையாள எண் செயலிகளுக்குக் கிடைக்காமல் போனது. அதனால் 2022இல் தங்களுக்கு ஏறத்தாழ 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா சொன்னது. நம் பேச்சைக் கேட்டு விளம்பரம் போடும் காது அதனிடம் இருந்திருந்தால், ஓர் அடையாள எண் கைநழுவியதற்கா இத்தனை புலம்பல்?

அப்படியானால் கைப்பேசி எதையுமே கேட்பதில்லையா? கேட்கிறது. சிரி, கூகுள் அசிஸ்டன்ட் போன்ற குரல் உதவிகள் தம்மைக் கூப்பிடும் சொல்லுக்காகக் காத்திருக்கின்றன. சில நேரம் கூப்பிடாமலே விழித்துக்கொள்கின்றன. அப்படிப் பதிவான பேச்சுகள் குறித்த வழக்கில், தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலே, 9.5 கோடி டாலர் கொடுக்க ஆப்பிள் 2025 ஜனவரியில் இணங்கியது. பிடிக்காவிட்டால் குரல் உதவியை அணைத்துவிடுங்கள். ஆனால் உங்கள் தையல் மெஷின் விளம்பரத்தை அதன் தலையில் கட்டாதீர்கள்.

பிறகு அந்த விளம்பரம் எப்படி வந்தது? வீட்டில் பேசுவதற்கு முன்பே மனைவியோ மகளோ ஷோப்பி போன்ற இணையக் கடையில் விலை பார்த்திருப்பார்கள். இருவர் கைப்பேசியும் ஒரே வைஃபையில்; ஒரே வீடு என்று ஊகிக்க அது போதும். பார்த்த இணையக் கடையின் பக்கத்துக்குள் மெட்டாவின் கண்காணிப்பு நிரல் ஒளிந்திருக்கும். யார் வந்தார், எதைப் பார்த்தார், எதைக் கூடையில் போட்டார் என்று அது மெட்டாவுக்குச் சொல்லும். துணிக்கடையில் உறுப்பினர் அட்டைக்குக் கொடுத்த எண்ணும் ஃபேஸ்புக்கில் கொடுத்த எண்ணும் ஒன்றாக இருக்கும்; அதை வைத்தே உங்களைப் பொருத்திப் பார்ப்பார்கள். நாளெல்லாம் கண்ணைக் கடந்த மற்ற விளம்பரங்கள் மறந்துவிடும். பொருந்திய ஒன்று மட்டும் மனத்தில் தைக்கும். பிற செயலிகளும் தளங்களும் உங்களைப் பற்றி மெட்டாவுக்கு அனுப்பிய பட்டியல் ஃபேஸ்புக் அமைப்புகளுக்குள்ளேயே இருக்கிறது. என் மேசையில் அதைத் திறந்து காட்டும்போது "ஒட்டுக்கேக்குது" என்ற பேச்சு அடங்கிவிடுகிறது.

ரப்பர் தோட்டத்துக் கணக்கரான கிராணியை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர் எந்த லயன் வீட்டுச் சுவரிலும் காதை வைத்ததில்லை. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு யார் வரவில்லை, யார் எத்தனை ராத்தல் பால் கொண்டுவந்தார், கடையில் யாருக்கு எவ்வளவு கடன் என்பதெல்லாம் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டிலும் கடன் புத்தகத்திலும் இருந்தன. அவற்றை வைத்தே ஒரு குடும்பத்தின் நிலைமையை அவர் சொல்லிவிடுவார். இன்றைய நிறுவனங்களின் வேலையும் அதுதான்; ஏடு மட்டும் பெரியது.

மற்றக் கட்டுக்கதைகளுக்கு இத்தனை நேரம் தேவையில்லை.

"இன்காக்னிட்டோவில் பார்த்தால் யாருக்கும் தெரியாது." தெரியும். உங்கள் கைப்பேசியில் வரலாறு தங்காது, அவ்வளவுதான். பார்க்கும் தளத்துக்கும், வைஃபை கொடுப்பவருக்கும், இணையச் சேவை நிறுவனத்துக்கும் உங்கள் நடமாட்டம் தெரியும். இது குறித்து 2020இல் கலிபோர்னியாவில் கூகுள் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது; கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கவோ அடையாளம் நீக்கவோ கூகுள் ஒப்புக்கொண்ட விவரம் 2024 ஏப்ரலில் வெளியானது.

"குக்கீயை எல்லாம் இப்ப ஒழிச்சிட்டாங்க." சஃபாரி, ஃபயர்பாக்ஸ் உலாவிகள் பின்தொடரும் குக்கீகளைத் தாமாகவே தடுக்கின்றன. குரோமிலிருந்து அவற்றை இரண்டே ஆண்டில் நீக்குவதாகக் கூகுள் 2020இல் சொன்னது. 2024இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

"என் படங்களைப் பயன்படுத்த ஃபேஸ்புக்குக்கு அனுமதியில்லை" என்று வெட்டி ஒட்டும் அறிக்கைக்குச் சட்ட மதிப்பு எதுவும் கிடையாது. கணக்குத் திறந்த அன்றே நிபந்தனைகளுக்குச் சம்மதித்துவிட்டீர்கள்.

"அரசாங்கம் எல்லா அழைப்பையும் பதிவு செய்கிறது" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சுற்றும் செய்தியை இனியும் பகிராதீர்கள். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2025இன் முதல் மூன்று மாதங்களுக்கான கைப்பேசித் தரவைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் கேட்டது அவ்வாண்டு ஜூனில் தெரியவந்தது. அடையாளம் நீக்கப்பட்ட தரவு, புள்ளிவிவரத்துக்காக மட்டும் என்றது ஆணையம். பேச்சின் பதிவை அது கேட்கவில்லை. கேள்வி கேட்க வேண்டிய இடம் வேறு: நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, மத்திய அரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்துவதில்லை.

"என் நம்பரைக் கூகுள்தான் மோசடிக்காரனுக்கு வித்துட்டான்." 2017 அக்டோபரில் லோயாட் டாட் நெட் இணையத்தளம் வெளிப்படுத்திய கசிவை மறந்துவிட்டீர்களா? 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்கள், முகவரியும் ஐ.சி. என்னும் அடையாள அட்டை எண்ணும் சேர்ந்து வெளியேறின. நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகம். அது போதாதென்று அதிர்ஷ்டக் குலுக்கல் தாளிலும் காவலாளியின் நோட்டிலும் ஐ.சி. எண்ணை நாமே எழுதுகிறோம். அந்த 12 இலக்கத்தில் முதல் ஆறு உங்கள் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம் (பேராக்குக்கு 08), கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்பதைச் சொல்லும். ஐ.சி. நகல் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எந்தக் காரியத்துக்கு என்று எழுதிக் கொடுங்கள்.

"எனக்கு மறைக்க என்ன இருக்கு?" உங்கள் இ.பி.எஃப். சேமநிதிப் பணம் இருக்கிறது. மோசடிக்காரன் தேடுவது அதைத்தான். பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997ஐ அழையுங்கள்.

இன்று செய்ய வேண்டியவை மூன்று. செயலிகளின் அனுமதிப் பட்டியலைத் திறந்து, தேவையில்லாத இருப்பிட அனுமதியை எடுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் விளம்பர அடையாள எண்ணை நீக்குங்கள். ஃபயர்பாக்ஸ் போன்ற உலாவிக்கு மாறுங்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தரவைச் சேகரிக்கும் நிறுவனம் தர வேண்டிய அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்கிறது. தமிழில் தரவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் தரக்கூடாது என்றும் எந்தப் பிரிவும் தடுக்கவில்லை. தோட்டத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய நம் அம்மாக்கள் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரியாமலே "ஏற்கிறேன்" என்பதை அழுத்துகிறார்கள். தமிழில் அறிவிப்பு வேண்டும் என்று கேட்க வெளியிலிருந்து யாரும் வரமாட்டார்கள். கோயில் நிர்வாகங்களும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும், இளைஞர் மன்றங்களும் முதலில் தங்கள் பதிவுப் படிவங்களைத் திருத்தட்டும். எதற்காக விவரம் கேட்கிறோம், யார் வைத்திருப்பார், எப்போது அழிப்போம் என்று தமிழில் அச்சிடுங்கள். தேவையில்லாத இடத்தில் ஐ.சி. எண்ணைக் கேட்பதை நிறுத்துங்கள். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.