லேத்தில் துண்டு வெட்டுவோம்

நீங்கள் லேத் பட்டறையைப் பார்த்திருக்கிறீர்களா? பஞ்சாபில் பட்டாலா, குஜராத்தில் ராஜ்கோட் ஆகிய ஊர்களில் லேத் எந்திரங்கள் செய்கிறார்கள். சிறு பட்டறைகளில் அவை பலருக்குச் சோறு போடுகின்றன.

லேத்தில் இரும்புக் கம்பி சுழலும். டூல் சுழலாது. கடைந்து முடித்த பாகத்தைக் கம்பியிலிருந்து வெட்டிப் பிரிக்க வேண்டும். இதற்குப் 'பார்ட்டிங்' என்று பெயர். இதில் டூல் எளிதில் உடையும். உடைந்த துண்டு கண்ணில் தெறிக்கலாம்.

டூல் ஏன் உடைகிறது?

பார்ட்டிங் டூல் தகடு போல மெல்லியது. அது குறுகிய பள்ளத்துக்குள் போகிறது. அங்கே இரும்புச் சுருள் வெளியே வர இடம் குறைவு. சுருள் சிக்கினால் டூல் இறுகும். இறுகினால் ஒடியும்.

எப்படி வெட்டுவது?

1. வெட்டும் இடம் சக்குக்கு அருகில் இருக்கட்டும். தள்ளி வெட்டினால் கம்பி அதிரும்.

2. டூலை அதிகம் நீட்டாதீர்கள். கம்பியின் கனம் 20 மி.மீ. என்றால் பாதி 10 மி.மீ. டூல் 12 அல்லது 13 மி.மீ. நீண்டால் போதும்.

3. டூல் முனை கம்பியின் மையத்துக்கு நேராக இருக்க வேண்டும். தாழ்ந்தால் நடுவில் குமிழ் மிஞ்சும். உயர்ந்தால் வெட்டாமல் உராயும்.

4. டூல் கம்பிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் பள்ளத்தின் சுவரில் உரசும். கேரேஜை நகராமல் பூட்டுங்கள்.

5. வேகத்தைக் குறையுங்கள். 20 மி.மீ. இரும்புக் கம்பிக்கு நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று போதும்.

6. கட்டிங் ஆயில் விட்டுக்கொண்டே இருங்கள். பித்தளைக்கு ஆயில் தேவையில்லை.

7. கைப்பிடியை ஒரே சீராகச் சுற்றுங்கள். பயந்து பயந்து சுற்றினால் டூல் உராய்ந்து மழுங்கும். முரட்டுத்தனமாகச் சுற்றினால் ஒடியும்.

கிறீச்சென்று சத்தம் வருகிறதா? டூலை வெளியே எடுங்கள். எந்திரத்தை நிறுத்துங்கள். மேலே சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

கை கவனம்!

கண்ணாடி அணியுங்கள். கையுறை வேண்டாம், சுழலும் கம்பி அதை இழுத்துக்கொள்ளும். தொங்கும் துண்டு, துப்பட்டா, மோதிரம் வேண்டாம். வெட்டுப்பட்டு விழும் பாகத்தைக் கையால் பிடிக்காதீர்கள். கீழே தட்டு வையுங்கள். எந்திரம் நின்ற பிறகு சுருளைப் பிரஷ்ஷால் தள்ளுங்கள். போன இரும்பை வாங்கலாம். போன விரலை வாங்க முடியுமா?

கணக்குப் போடுவோம்

15 மி.மீ. நீளத்தில் 10 துண்டுகள் வேண்டும். டூலின் அகலம் 2 மி.மீ. ஒவ்வொரு வெட்டிலும் அந்த 2 மி.மீ. சுருளாகப் போய்விடும்.

ஒரு துண்டுக்கு: 15 + 2 = 17 மி.மீ.
10 துண்டுக்கு: 17 × 10 = 170 மி.மீ.
சக்கில் பிடிக்க: 30 மி.மீ.
மொத்தம்: 200 மி.மீ.

150 மி.மீ. கம்பி போதும் என்று வாங்கினால் யாருக்கு நட்டம்?

பயிற்சி

1. டூலை அதிகம் நீட்டினால் என்ன ஆகும்?
2. கையுறை ஏன் கூடாது?
3. 18 மி.மீ. நீளத்தில் 8 துண்டுகள் வெட்ட எவ்வளவு கம்பி வேண்டும்? டூலின் அகலமும் சக்கில் பிடிக்கும் அளவும் மேலே உள்ளபடியே.