கால்ஷீட் இல்லாத நாட்கள்

வடபழனியிலும் சாலிகிராமத்திலும் அறை எடுத்துத் தங்கி நடிக்க முயலும் பிள்ளைகள் அவ்வப்போது என்னைப் பார்க்க வருவார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சார், முதல் வாய்ப்பு எப்படி வாங்குறது?" மேடை, டப்பிங், சினிமா, சீரியல் என்று நாற்பது ஆண்டுகள் இந்தத் தொழிலில் சோறு தின்றவன் நான். முதல் படத்திலேயே நல்ல பெயர் வாங்கிவிட்டு, மூன்றாம் ஆண்டு பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போன பலரை எழும்பூரில் ரயில் ஏற்றி விட்டிருக்கிறேன். அவர்களிடம் திறமை இருந்தது. இரண்டு படப்பிடிப்புகளுக்கு நடுவே கிடந்த வெறும் நாட்களைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. அந்த நாட்களை மனதில் வைத்தே இவற்றைச் சொல்கிறேன்.

1. வாடகைக்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள்.

நடிகர் விஜய் சேதுபதி துபாயில் கணக்கர் வேலை பார்த்தவர். திரும்பி வந்த பிறகு கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலும் கணக்கு எழுதிக்கொண்டேதான் நடிப்பைக் கவனித்தார். டெல்லி கணேஷ் விமானப்படையில் பத்து ஆண்டுகள் இருந்தவர். டெல்லியில் நாடகம் போட்டதால்தான் அந்த ஊர் அவர் பெயரோடு ஒட்டியது. வேறு வேலை பார்ப்பதை அவமானமாக நினைக்காதீர்கள். மாதம் பிறந்ததும் வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அந்தப் பயத்தோடு ஆடிஷனுக்குப் போகிறவரின் கண்ணில் பசி தெரியும். ஏற்கக் கூடாத வேடத்துக்கும், ஏற்கக் கூடாத நிபந்தனைக்கும் அந்தப் பசிதான் தலையாட்ட வைக்கும். காலை ஆடிஷனுக்கு விடுப்பு கிடைக்கிற வேலையாகப் பாருங்கள்.

2. குரலுக்கும் உடம்புக்கும் தினமும் ஒரு மணி நேரம்.

ந. முத்துசாமி 1977-இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லோரும் அங்கே உடம்பைப் பழக்கியவர்கள். தெருக்கூத்துக்காரர் விடிய விடிய ஆடிப் பாடியும் குரல் உடையாமல் நிற்பது எப்படி என்பதைக் கவனித்தாலே பாதிப் பாடம் கிடைத்துவிடும். பட்டறையில் சேர முடியாதவர்கள் தினமும் இருபது நிமிடம் செய்தித்தாளை உரக்கப் படியுங்கள். ழகரமும் ளகரமும் சுத்தமாக வரட்டும். அதே சமயம் உங்கள் ஊர்ப் பேச்சை அழித்துவிடாதீர்கள். நெல்லைப் பேச்சும் கோவைப் பேச்சும் காசு கொடுத்தாலும் கிடைக்காத சொத்து. சென்னைக்கு வந்த ஆறே மாதத்தில் அதைத் தொலைத்துவிட்டு, பிறகு ஒரு கிராமத்து வேடத்துக்காக யாரிடமோ கற்றுக்கொள்ள அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

3. சின்ன வேடத்தில் ஒரு வினைச்சொல்லைத் தேடுங்கள்.

'புதுப்பேட்டை' 2006-இல் வந்தபோது அதில் ஓரமாக நின்ற விஜய் சேதுபதியை யாருக்கும் அடையாளம் தெரியாது. 'தென்மேற்குப் பருவக்காற்று' 2010-இல் வந்தது. நடுவில் சீரியல், சின்னச் சின்ன வேடங்கள், குறும்படங்கள். சின்ன வேடம் வந்தால் நான் பார்ப்பது இதைத்தான்: இந்த ஆள் கதைக்குள் என்ன செய்கிறான்? தடுக்கிறான், ஒளிக்கிறான், காட்டிக்கொடுக்கிறான் என்று ஒரு வினைச்சொல் கிடைத்தால் ஒரே ஒரு காட்சி என்றாலும் ஒப்புக்கொள்ளுங்கள். 'நிற்கிறான்' என்பதைத் தவிர வேறு கிடைக்கவில்லை என்றால், அது கூட்டத்துக்கான வேலை. அனுபவத்துக்காக இரண்டு முறை போகலாம். அதற்கு மேல் போனால் அந்த முகமாகவே உங்களை மேனேஜர்கள் மனதில் பதித்துக்கொள்வார்கள்.

4. கேமராவின் இலக்கணத்தைப் படியுங்கள்.

நாடகத்திலிருந்து வந்த புதிதில் எனக்கு ஒரு நல்ல காட்சி கிடைத்தது. மகன் இறந்த செய்தி கேட்கும் தகப்பன். மாஸ்டர் ஷாட்டில் காபி டம்ளரை வலது கையில் பிடித்திருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு க்ளோஸ்-அப் எடுத்தபோது டம்ளர் இடது கையில் இருந்தது. அழுகை நன்றாக வந்தது; யூனிட்டே கைதட்டியது. படத்தில் அந்த க்ளோஸ்-அப் இல்லை. மாஸ்டர் ஷாட்டோடு அது ஒட்டவில்லை என்று எடிட்டர் வெட்டிவிட்டார். என் முதுகு மட்டும் அழுதது.

அன்றிலிருந்து ஒவ்வொரு டேக்குக்குப் பிறகும் எந்த வார்த்தையில் எந்தக் கை எழுந்தது, எப்போது உட்கார்ந்தேன் என்று மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். தரையில் போட்ட மார்க்கைக் குனிந்து பார்க்காமல் அதில் வந்து நிற்கப் பழகுங்கள். மார்க் தவறினால் ஃபோகஸ் போகும். எதிரில் இருப்பவருக்கு க்ளோஸ்-அப் வைக்கும்போது கேமராவுக்குப் பக்கத்தில் நின்று உங்கள் வசனத்தை முழு உணர்வோடு கொடுங்கள். உங்கள் முகம் விழாத ஷாட்டில் நீங்கள் கொடுக்கும் உழைப்பை அவர் மறக்க மாட்டார். எனக்கு வந்த பல வேடங்கள் அப்படி ஒரு சக நடிகர் சொன்னதால் வந்தவை.

5. சீரியலை மதியுங்கள், அதன் பழக்கங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

'சித்தி', 'மெட்டி ஒலி' காலத்திலிருந்து சீரியல்தான் எத்தனையோ நடிகர் வீட்டில் மாதா மாதம் அடுப்பெரிய வைத்திருக்கிறது. உதவி இயக்குநராக இருந்து 2008-இல் 'கண்ணும் கண்ணும்' படத்தை இயக்கிய ஜி. மாரிமுத்துவை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது 2022-இல் தொடங்கிய 'எதிர்நீச்சல்' சீரியல்.

ஆனால் அங்கே ஒரே நாளில் பல காட்சிகளை எடுத்துத் தள்ள வேண்டும். உதவி இயக்குநர் பக்கத்தில் நின்று வசனத்தைப் பிராம்ப்ட் செய்வார். கேட்டுக் கேட்டுச் சொல்லப் பழகிவிட்டால், எதிரில் பேசுபவரைக் கேட்கும் காது மழுங்கிவிடும். பிராம்ப்டிங் இருந்தாலும் சீன் பேப்பரை வாங்கி மனப்பாடம் செய்யுங்கள். இன்னொன்று: டி.ஆர்.பி. இறங்கினால் உங்கள் பாத்திரம் ஒரே வாரத்தில் வெளிநாடு போய்விடும், அல்லது சுவரில் மாலையோடு தொங்கும். சீரியல் பணத்தில் ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியே எடுத்து வைத்த பிறகுதான் வண்டி வாங்க வேண்டும்.

6. டப்பிங் அறையைக் கல்லூரியாக நினையுங்கள்.

விக்ரம் 1990-லேயே நாயகன். ஆனாலும் 'அமராவதி'யில் அஜித்துக்கும் 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும் பின்னணிக் குரல் கொடுத்தார். 'சேது' வந்தது 1999-இல். நாயகனாக அறிமுகமானவர் இன்னொரு நாயகனின் உதட்டுக்குக் குரல் கொடுக்க எவ்வளவு பெரிய மனம் வேண்டும்! எம்.எஸ். பாஸ்கர் நெடுங்காலம் டப்பிங் கலைஞர். 'பார்க்கிங்' படத்துக்காகத் தேசிய விருது வாங்கியிருக்கிறார். இன்னொருவரின் மூச்சு எங்கே நிற்கிறது என்று இருட்டறையில் கவனிப்பதைவிடச் சிறந்த நடிப்புப் பயிற்சி எனக்குத் தெரியாது. கால்ஷீட் இல்லாத நாளில் சம்பளமும் தரும் பயிற்சி அது.

7. பணத்தைப் பேசக் கூச்சப்படாதீர்கள்.

எனக்கு ஒரு படத்தில் பாதிச் சம்பளத்துக்குக் கொடுத்த காசோலை திரும்பி வந்தது. அப்போது டப்பிங்கும் முடித்துக் கொடுத்திருந்தேன். கேட்க எனக்கு எந்தப் பிடியும் இல்லை. நாள் சம்பளமா, மொத்தமா, பேட்டா உண்டா, போக்குவரத்து யார் செலவு என்பதை முதலிலேயே பேசி எழுத்தில் வாங்குங்கள். குறைந்தபட்சம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியாவது இருக்கட்டும். பாக்கியை டப்பிங்குக்கு முன் வாங்குவதே வழக்கம். அதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. டி.டி.எஸ். பிடித்தால் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். சிறு நடிகர் பலருக்கு அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும்.

8. வேடத்துக்கு விலை கேட்பவரிடமிருந்து விலகுங்கள்.

"கட்டணம் கட்டினால் ஹீரோவின் தம்பி வேடம்" என்பவர் படம் எடுக்கப் போவதில்லை. இரவில் ஓட்டல் அறைக்கு அழைப்பது ஆடிஷன் ஆகாது. பெண் பிள்ளைகளுக்கு நான் அழுத்திச் சொல்வது: பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகாரை விசாரிக்கக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய்ந்த ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024-இல் கேரளத்தில் வெளியானபோது, பல ஆண்டுகள் வாய்மூடி இருந்த பெண்களின் வலி வெளியே வந்தது. அந்த மௌனத்தில் என் போன்ற மூத்தவர்களுக்கும் பங்கு உண்டு. ஆகவே ஆண் பிள்ளைகளே, செட்டில் ஒரு பெண் தயங்கி நிற்பதைப் பார்த்தால் பக்கத்தில் போய் நில்லுங்கள். வாய்ப்பு போய்விடுமோ என்று பார்க்காதீர்கள்.

9. ஆண்டுக்கு ஒருமுறை உங்களையே கணக்குக் கேளுங்கள்.

எத்தனை ஆடிஷன் போனேன்? ஒருமுறை வேலை கொடுத்தவர்களில் எத்தனை பேர் மறுபடி கூப்பிட்டார்கள்? இந்த இரண்டாவது எண்தான் உங்கள் உண்மையான இடம். அது ஆண்டுக்கு ஒன்றாவது கூடினால் பொறுத்திருங்கள். மூன்று நான்கு ஆண்டுகள் கூடவே இல்லையென்றால், எழுத்து, உதவி இயக்கம், டப்பிங் என்று பக்கத்துக் கதவுகளைத் தட்டுங்கள். மாரிமுத்து பக்கத்துக் கதவு வழியாக வந்தவர்தான். ஊருக்கே திரும்புவது என்று முடிவெடுத்தாலும் தலைநிமிர்ந்து போங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் நாடகம் போடும் குழந்தைகளுக்கு உங்களைப் போல ஒருவர் வேண்டும்.

நாளைக்கு அழைப்பு ஏதும் இல்லையா? விடிந்ததும் செய்தித்தாளை எடுத்து உரக்கப் படியுங்கள். அறைத் தோழர் தூங்கிக்கொண்டிருந்தால் மொட்டை மாடிக்குப் போங்கள். இன்றைக்கும் எனக்குக் காலை ஆறு மணி அங்கேதான்.